மருதவில்லில் தண்ணீர் வரும் பக்கம்

படகு பேசுவதற்காகத்தான் அன்ரன் அன்று வந்தார். கிளாலியிலிருந்து கடனீரேரியைக் கடந்து அக்கரைக்கு, வன்னிக்கு, ஆட்களை ஏற்றிப் போகிறவர் அவர். சண்டையில் ஊரை விட்டு வந்து, கொடிகாமத்தில் நாங்களும் வேறு பல குடும்பங்களும் ஒண்டியிருக்கும் இந்த வீட்டின் முற்றத்துக்கு என் கணவர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, நான் மகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மழை ஈரத்தில் விறகு எரியாமல் புகைந்தது. அன்ரன் சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மிஸ், உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"என்ன சொல்லேல்லை?"

"அக்கா மோசம் போட்டா."

அவருடைய அக்கா என்றால் நம்முடைய ஞானமலர் ரீச்சர். குருநகர் ஞானமலர். எனக்கு ஞானமக்கா. வலிகாமத்தில் நமது சிறிய பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். பிறகு தானாகக் கேட்டு மாற்றம் எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஒரு குளக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர். அப்படிப் போனதால் நம்மில் பாதிப் பேர் அவரைப் பைத்தியம் என்று சொன்னோம். காய்ச்சலில் இறந்துபோனார் என்றார் அன்ரன். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டதாம். உழவு மெசினில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மழையில் பாதை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

"மலேரியாவுக்குக் குளிசை குடுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"குளிசை எங்கை மிஸ் இருக்கு?"

ஞானமக்காவுக்காக அழுவதற்கு முன் நான் எழுந்து உள்ளே போய், பாயில் நித்திரையாகக் கிடந்த மகள் ஆரணியின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. ஏனென்றால், நாங்கள் அன்ரனின் படகில் ஏறிப் போவதற்கு இருந்த இடமும் அதே குளக்கரைதான்.

போகும்போது அன்ரன் ஒன்று கேட்டார். அக்காவின் ஒரு மாத நினைவுத் திருப்பலிப் பூசையை இங்கே, இடம்பெயர்ந்து வந்த குருநகர் ஆட்களோடு சேர்த்துச் செய்விக்கப் போகிறாராம். அதில் வாசிக்க நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "பெரிசா வேண்டாம் மிஸ். சாமியார் நெடுக வாசிக்க விடமாட்டார். அவருக்கும் ஷெல் பயம்."

சாமியார் மன்னிக்க வேண்டும். நான் நெடுகத்தான் எழுதப் போகிறேன். ஞானமக்காவோடு ஆசிரியர் அறையில் இருந்தவர்கள், அவரிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார், இதைக் கேட்கப் போகிற உங்களில் எத்தனையோ பேர் இன்றைக்கோ நாளைக்கோ கிளாலிக்குப் போக மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆரணி உறங்கிய பிறகு ஜாம் போத்தல் விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வாசிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

ஞானமக்காவை நான் முதலில் கண்டது ஒரு தேநீர்க் கோப்பையோடு. நான் பட்டம் முடித்துத் தமிழ் படிப்பிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அவர் எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். ஆசிரியர் அறையில் ஒரு மிடறு குடித்துவிட்டு, வாயில் அதை அளைந்து, "இது இணுவில் தண்ணி இல்லை. ஆர் இண்டைக்குத் தண்ணி கொண்டந்தது? சண்டிலிப்பாய்ப் பக்கமோ?" என்று கேட்டார். அது சரியாக இருந்தது. நான் வியந்து போனதைக் கண்ட பக்கத்து ரீச்சர் காதுக்குள், "பாதி நேரம் பிழைக்கும் பிள்ளை. பிழைச்சால் கேத்திலைக் குற்றம் சொல்லுவா" என்றார். அதுவும் சரியாகவே இருந்தது.

அவர் வளர்ந்த வீட்டுக் கிணறு உப்பு. மாரியில் கொஞ்ச நாள் வாயில் வைக்கலாம். கோடை வந்தால் குளிக்கவும் ஏலாது. தகப்பன் கடலுக்குப் போகிறவர். வீட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டும் இல்லை. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றபடிதான் தான் வாய்ப்பாடு பாடமாக்கியதாகச் சொல்வார். "எங்கடை ஆக்களுக்கு உலகத்திலை ரெண்டே ரெண்டு தண்ணிதான் கௌரி. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. மற்றதெல்லாம் பொழுதுபோகாதவை வைச்ச பேர்."

அப்படிப்பட்டவருக்குக் காட்டுக்குள் கிடக்கும் ஒரு சின்ன நன்னீர்க் குளத்தின் மீது பித்துப் பிடித்ததில் என்ன அதிசயம்? பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் யாரோ வழிகாட்ட ஒருமுறை அங்கே போயிருக்கிறார். மருதவில்லு என்பது அதன் பெயர். மனிதர் கட்டாமல், பள்ளத்தில் தானாகத் தண்ணீர் நின்று உண்டான குளத்தை வன்னியில் வில்லு என்பார்கள். அவர் முதன்முதலாக அந்தப் பெயரைச் சொன்னபோது நான், தமிழ் படித்த மிடுக்கில், "ராமன்ரை வில்லோ, அருச்சுனன்ரை வில்லோ?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒடிச்சுப் போட்ட வில்லு. ஆரின்ரை எண்டு நீங்கள் சைவக்காரர் அடிபடுங்கோ. எனக்குத் தண்ணி காணும்."

உண்மையில் அது வளைந்துதான் கிடக்கிறது. கரும்பலகையில் அதை அவர் எத்தனை தரம் வரைந்திருப்பார்! வடக்கு முனையில் மருத மரங்களுக்குள்ளால் ஒரு சிற்றோடை வந்து விழும். நடுவில் தாமரை. தெற்கு முனையில் கற்பாறைத் தரை. அதன் மேலால் மாரியில் வழிந்து காட்டுக்குள் போகும். சுற்றிவரப் பாலை மரங்களும் வீரை மரங்களும். எல்லோரும் பெரிய ஏரிகளின் பெயர்களைப் பாடமாக்கிக்கொண்டிருக்க, அவருடைய வகுப்பு மட்டும் மருதவில்லைச் சுற்றிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட அதிபர் ஒருநாள் பொறுக்காமல் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"ஞானமலர், சோதினையிலை உந்தக் குளம் வராது கண்டியளோ."

"வராது அம்மா. ஆனால் பிள்ளையள் தங்கடை சீவியத்திலை ஒரு குளத்தையாவது முழுசாப் படிக்கட்டுமன். ஒண்டை முழுசாத் தெரிஞ்சால் மற்றதுக்குப் பேரை மட்டும் மாத்தலாம்."

அதிபர் போன பிறகு எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்த முறை புவியியலில் நமது பிள்ளைகள் ஒன்றும் பிரமாதமாகச் செய்யவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவரைத் தெரிந்தவர்களிடம் நான் பூசி மெழுக முடியாது.

*

வன்னிக்குப் போகும் ஆனையிறவுப் பாதை சண்டையில்லாமல் திறந்திருந்த அந்தக் குறுகிய காலத்தில், உயர்தர வகுப்புப் பிள்ளைகளை ஒரு வாடகை பஸ்ஸில் ஏற்றி மருதவில்லுக்குக் கொண்டு போனார். துணைக்கு நான். கலியாணமாகி ஒரு வருடமும் ஆகவில்லை. பஸ் ஓர் இடத்தோடு நின்றுவிட, மிச்சம் நடை. யாழ்ப்பாணத்தில் பிறந்த நமக்குக் காடு என்றால் என்ன தெரியும்? பனங்கூடலுக்குள் வானம் தெரியும். அங்கே வானம் தெரியவில்லை. காலுக்குக் கீழே இலைச் சருகு பஞ்சு மெத்தை போல அமிழ்ந்தது. பிள்ளைகள் கத்திக் கதைத்துக்கொண்டு வந்தவர்கள், கொஞ்ச தூரத்தில் தாமாகவே குரலைத் தாழ்த்திவிட்டார்கள்.

திடீரென்று மரங்கள் விலகின. குளம் அமைதியாகக் கிடந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஒருவரும் "எவ்வளவு வடிவு" என்று சொல்லவில்லை. பிள்ளைகள், நான், பஸ் சாரதி, எல்லோரும் ஒன்றுபோலப் போய்க் குனிந்து, விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தோம். கரையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு மனுசி இதைக் கண்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யாழ்ப்பாணத்து ஆக்களோ? காட்டுக்குள்ளை உப்பை ஆர் பிள்ளையள் கொண்டந்து போடுறது?"

ஞானமக்கா அவளைவிட அதிகமாகச் சிரித்தார். ஆனால் அவர் அன்று வந்தது சிரிக்க இல்லை. இந்தக் குளம் கோடையில் சுருங்கும், வற்றாது என்று கேள்விப்பட்டிருந்தார். வற்றாவிட்டால் அடியில் எங்கோ ஒரு ஊற்றுக்கண் இருக்க வேண்டும், நிலாவரைக் கேணி போல ஆழம் காணாத ஒரு துளை இருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. அதைக் கண்டுபிடிக்கக் கயிறும் கல்லும் கொண்டு வந்திருந்தார். கரையில் கிடந்த ஒரு சின்னத் தோணியைத் தள்ளிக்கொண்டு தனியே போய்விட்டார். கடற்கரையில் பிறந்தவருக்குத் தோணி சொல் கேட்டது. கல்லை இறக்குவார். இழுப்பார். கொஞ்சம் நகர்த்தி மறுபடி இறக்குவார். எங்கே இறக்கினாலும் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் கயிறு போகவில்லை.

கரையிலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டார்கள்: "மிஸ், கண் தெரிஞ்சுதோ?"

"கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை! நீங்கள் பேசாமல் மரங்களை எண்ணுங்கோ!"

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஈரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். பரந்தன் தாண்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பி, "இருக்குது கௌரி. எனக்குத்தான் பிடிபடேல்லை" என்றார்.

*

அதன் பிறகு பாதை மூடியது. குருநகரில் இருக்க முடியாமல் அவருடைய ஆட்கள் திக்குத் திக்காகப் போனார்கள். ஞானமக்கா மருதவில்லுக்குப் பக்கத்தில் இருந்த ஓலைக் கொட்டில் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு எழுதினார். கேட்ட அன்றே கிடைத்திருக்கும். அங்கே போக வேறு யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

அதற்குப் பின் அவரை ஒரே ஒரு தரம்தான் கண்டேன். ஆரணி தவழத் தொடங்கியிருந்தாள். தம்பியின் படகில் கிளாலி கடந்து, ஒரு போத்தல் காட்டுத் தேனோடு சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கறுத்து மெலிந்திருந்தார். நான் கட்டிலுக்கு ஒரு நுளம்பு வலையும், அதற்குள் ஆரணிக்கு இன்னொரு சின்ன வலையும் கட்டி வைத்திருந்தேன்.

"இதென்ன, பிள்ளையையும் உன்னையும் வலைக்குள்ளை வைச்சுக்கொண்டு மனுசனை வெளியிலை விட்டிருக்கிறாய்? நுளம்பு கடிச்சால் அந்தாளுக்கு நோகாதோ?"

என் கணவர் வெட்கப்பட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்பது இதைக் கேட்பவர்களில் பலருக்குத் தெரிந்ததுதான். பிள்ளை பிறந்த பிறகு அது நூறு மடங்காயிற்று. காய்ச்சலுக்குப் பயம், ஹெலி சத்தத்துக்குப் பயம், பிள்ளை கூடுதலாகச் சிரித்தாலும் பயம்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் குந்தி இருந்துகொண்டு அவர் சொன்னார்: "நான் பிழை விட்டிட்டன் கௌரி. கண் கீழை இல்லை. மேலைதான்."

எனக்கு விளங்கவில்லை.

"இந்தக் கிணத்தைப் பார். எங்களுக்குத் தண்ணி எண்டால் கல்லுக்குக் கீழை இருந்துதான் வரும். ஆறு கண்டமோ, அருவி கண்டமோ? அதாலை எந்தக் குளத்தைக் கண்டாலும் அடியிலை கண் தேடுறம். கிணத்துப் புத்தி. நானும் கயிறு விட்டுக்கொண்டு திரிஞ்சன். ஒரு வருசம் முழுக்கப் பக்கத்திலை இருந்து பாத்தாப் பிறகுதான் விளங்கினது. மாரி மழையைக் காட்டுச் சருகு குடிச்சு வைச்சுக்கொண்டு, கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா அந்த ஓடையாலை விடுகுது. வடக்குப் பக்கத்துக் காடுதான் அந்தக் குளத்தின்ரை கண்."

இவ்வளவு காலமும் வகுப்பு வகுப்பாகப் படிப்பித்தது பிழை என்று அவர் சொன்ன விதம் எனக்கு மறக்காது. ஒரு துளி வெட்கம் இல்லை. புதிதாக ஒரு சாரி கிடைத்தது போன்ற சந்தோஷம்.

"அப்ப அந்தப் பிள்ளையளுக்கு?" என்றேன்.

"கண்ட கண்ட இடத்திலை மறிச்சுச் சொல்லுறன். போன கிழமை கிளிநொச்சிச் சந்தையிலை ஒருத்தியைப் பிடிச்சன். அவளுக்கு இப்ப ரெண்டு பிள்ளை. 'மிஸ், நான் எப்பவோ மறந்திட்டன்' எண்டாள். மறந்தாலும் திருத்தி மற எண்டு சொன்னன்."

அப்போது நான் கேட்டேன்: குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களே, நுளம்பு இல்லையா, மலேரியா வராதா? அதற்கு அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இவ்வளவையும் எழுதிக்கொண்டு வருகிறேன். இதை மட்டும் வாசிக்கிறவர் இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

"குளத்தைக் குற்றம் சொல்லாதை. அதிலை மீன் இருக்கு, காத்து இருக்கு, அலை இருக்கு. மலேரியா நுளம்புக்குக் குளம் வேண்டாம், ஒரு மாட்டுக் குளம்படியிலை நிக்கிற தண்ணியே காணும். ஓடை ஓடுற மட்டும் பயமில்லை. ஓடை அறுந்து குட்டை குட்டையா நிண்டால்தான் பயம். தண்ணி போற பக்கத்திலை எவ்வளவு பேரும் இருக்கலாம். வாற பக்கத்திலை மட்டும் ஒருத்தரும் கை வைக்கப்படாது."

*

கை வைத்துவிட்டோம். நாம்தான்.

முற்றத்தில் குந்தி இருந்து அன்ரன் மிச்சத்தைச் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. நமக்கு முன்னமே இடம்பெயர்ந்து போனவர்கள், வலிகாமத்தில் தோட்டம் செய்து வாழ்ந்த குடும்பங்கள், மருதவில்லுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். போன இடத்தில் எங்கள் ஆட்கள் முதலில் என்ன செய்வார்கள்? கொட்டில் போட முன்னம் கிணறு வெட்டுவார்கள். குளத்துத் தண்ணீர் மாட்டுக்கு. மனிதனுக்குக் கிணறு. தெற்குக் கரை பாறை. கல்லுடைக்கும் இரும்பு அலவாங்கும் இறங்கவில்லை. வடக்குப் பக்கம் மண் மெத்தென்று இருந்தது. இடுப்பளவு வெட்டத் தண்ணீர் கண்டது. ஊரில் வெடி வைத்துக் கல்லுடைத்துக் கிணறு தோண்டிய கைகளுக்கு அது சொர்க்கமாக இருந்திருக்கும். எல்லோரும் அந்தப் பக்கமே போனார்கள். மருத மரங்கள் கொட்டில்களின் கப்புக்கும் வளைக்கும் போயின. பாலை விறகுக்குப் போயிற்று. சருகைக் கூட்டி எரித்து மிளகாய்க் கன்று நட்டார்கள். அடுத்த கோடையில் ஓடை அறுந்தது. கிணறுகளும் வற்றின. வற்ற வற்றப் பக்கத்தில் இன்னொன்று வெட்டினார்கள். பழைய குழிகளை மூடவில்லை. முதல் மழைக்கு அவ்வளவும் நிரம்பின.

"அக்கா வீடு வீடாப் போய்ச் சொன்னவ மிஸ். குழியளை மூடுங்கோ, மற்றக் கரைக்கு வாங்கோ, குளத்துத் தண்ணியைக் காய்ச்சிக் குடியுங்கோ எண்டு. கேட்டால்தானே?"

"என்ன சொன்னவை?"

அன்ரன் பக்கத்தில் நின்ற என் கணவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கரையூராள் வந்து எங்களுக்குக் கிணறு வெட்டப் பழக்கிறாளோ எண்டு கேட்டவை மிஸ்."

குருநகரின் பழைய பெயர் கரையூர், மீன்பிடிக்கிறவர்களின் ஊர். அதை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பதைத் தோட்டக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்ட எனக்கு விளக்கத் தேவையில்லை.

"அக்கா என்ன சொன்னவ?"

"'ஓம், நான் கரையூராள்தான். கெட்டுப்போன கிணத்தை எனக்கு நல்லாத் தெரியும். உங்களுக்கு இனித்தான் தெரியப் போகுது' எண்டிட்டு, தானே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குழியளை மூடத் தொடங்கீட்டா. பள்ளிக்கூடத்தையும் அந்தப் பக்கத்து மரத்துக்குக் கீழை கொண்டு போட்டா. அந்தப் பிள்ளையளுக்குத்தானே கூடக் காய்ச்சல், அதுகள் நடந்து வராதுகள் எண்டு. நான் ஏசினனான் மிஸ். மற்றவையைப் போகாதேங்கோ எண்டு சொல்லிப் போட்டு நீ ஏனக்கா அங்கை போறாய் எண்டு. அவ கேட்டால்தானே?"

அவர் அழவில்லை. சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

*

இனி எங்கள் கதை. இதை ஒரு நினைவஞ்சலியில் எழுதலாமோ தெரியாது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் அவருக்கு அது அஞ்சலியாகாது.

என் கணவரின் பெரியப்பா மகன் எங்களுக்கென்று மருதவில்லில் ஒரு துண்டு நிலம் பிடித்து வைத்திருக்கிறார். வடக்குப் பக்கம். "மண் வெண்ணெய் மாதிரி, கிணறு வெட்டச் சுகம்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். சண்டிலிப்பாயை விட்டு வெளிக்கிட்ட அந்த மழையில் மற்றவர்கள் சைக்கிளில் நகையும் பெட்டியும் கட்டிக்கொண்டு வர, என் கணவர் தன் தகப்பன் கிணறு வெட்டிய அலவாங்கைக் கட்டிக்கொண்டு வந்தவர். நெரிசலில் அது எத்தனை பேரின் முழங்காலில் இடித்திருக்கும்! எவ்வளவு ஏச்சு வாங்கினார்! ஆனாலும் விடவில்லை.

அன்ரன் போன பிறகு நான் சொன்னேன்: "போவம். ஆனால் மற்றக் கரைக்கு."

"மற்றக் கரை கல்லு எண்டு அன்ரனே சொல்லுறான். அங்கை கிணறு எப்பிடி வெட்டிறது?"

"வெட்ட வேண்டாம். குளத்துத் தண்ணியைக் காய்ச்சுவம்."

"மாடு மூத்திரம் பெய்யிற தண்ணியையோ பிள்ளைக்குக் குடுக்கப் போறாய்? வயித்தாலை அடிச்சுச் சாகவோ?"

அந்த அருவருப்பு எனக்கும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறொன்றை என் மகளின் வாயில் வைக்க எனக்கு மனம் இல்லை. ஒரு பக்கம் காய்ச்சல். ஒரு பக்கம் வயிற்றோட்டம். இங்கேயே இருந்தால் ஷெல். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆரணியின் முகம்தான் நிற்கிறது. ஞானமக்கா ஊற்றுக்கண் விஷயத்தில் பிழைவிட்டவர்தானே, இதிலும் பிழைவிட்டிருந்தால்? அவரே அங்கே செத்துப் போனாரே? இப்படியெல்லாம் இரண்டு மூன்று நாட்களாக நான் எனக்குள் அடிபட்டுக்கொண்டிருந்தேன். உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

நேற்று அன்ரன் மறுபடி வந்தார். உடனே நாள் சொல்லாவிட்டால் படகில் இடம் இருக்காது என்றார். என் கணவர் பதில் சொல்ல முன் நான் குறுக்கிட்டேன்.

"அன்ரன், உங்கடை பிள்ளையள் அங்கை எந்தப் பக்கம்?"

"தண்ணி போற பக்கம் மிஸ். கல்லுக்கு மேலை. அக்காதான் இழுத்துக்கொண்டு போய் இருத்தினவ. பாறை சுடுது, மண்ணில்லை, ஒரு வாழைகூட வைக்கேலாது எண்டு என்ரை மனுசி நெடுகப் புறுபுறுப்பு."

"அதுகளுக்குக் காய்ச்சல் வரேல்லையோ?"

"வரேல்லை எண்டு பொய் சொல்ல மாட்டன் மிஸ். சின்னவளுக்கு ஒருக்கா வந்தது, தப்பீட்டாள். ஆனால் வடக்குப் பக்கத்திலை இந்த மாரி காய்ச்சல் வராத கொட்டில் ஒண்டும் இல்லை. நான் அக்காவை அடக்கம் பண்ணின அண்டைக்கு அங்கை வேறை ரெண்டு சின்னப் பெட்டியும் போனது."

சின்னப் பெட்டி என்று அவர் சொன்னதும் இந்த வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றவர்கள்கூடக் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள்.

என் கணவர் எழுந்து போனார். சைக்கிளின் குறுக்குக் கம்பியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு மழையில் இறுகிப் போயிருந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தார். அலவாங்கைத் தூக்கிக்கொண்டு போய் இந்த வீட்டுக்கார ஐயாவின் முன் வைத்தார்.

"இதை வைச்சிருங்கோ ஐயா. பாரம்."

ஐயா, "தம்பி, போற இடத்திலை கிணறு..." என்று தொடங்கினார்.

"கல்லாம் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்ரன் பக்கம் திரும்பி எந்த நாளில் புறப்படலாம் என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

*

ஆகவே நாங்கள் போகிறோம். பெரியப்பா மகன் கோபிப்பார். அங்கே ஆரணிக்கு ஒன்றும் வராது என்று நான் நம்பவில்லை. வராது என்று ஞானமக்காவும் ஒருபோதும் சொல்லமாட்டார். மருதவில்லுக்குப் போக இருக்கும் மற்றவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பாறைக் கரைக்கு வாருங்கள். கிணறு வெட்ட வேண்டாம். வடக்குப் பக்கத்துக் குழிகளை மூடுவதற்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து போவோம். மூடிவிட்டு, அந்தக் காட்டை அதன் பாட்டுக்கு விட்டுவிடுவோம். அது மறுபடி வளருமோ, நாம் இருக்கும் காலத்துக்குள் வளருமோ, எனக்குத் தெரியாது.

அவரைத் துணிந்தவர் என்று எல்லோரும் சொல்கிறோம். பூசையிலும் சொல்வார்கள். அன்று பின்னேரம் எங்கள் வீட்டிலிருந்து புறப்படும்போது, படலையடியில் நின்றுகொண்டு அவர் என்னிடம் சொன்னது வேறு. "கிளாலியிலை படகு வெளிக்கிட்டால் கரை காணும் வரைக்கும் நான் கண்ணைத் திறக்க மாட்டன் தெரியுமே? கடற்காரன்ரை மகள் எண்டு பேர். நீ பயப்பிடு கௌரி, அதிலை பிழையில்லை. ஆனால் எல்லாத்துக்கும் பயப்பிடாதை. எது எங்காலை வருகுது எண்டு பாத்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் பயப்பிடு."

என் பயத்தைப் பார்த்து வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், அல்லது ஏசியிருக்கிறார்கள். அதற்கு ஒரு திசை சொல்லித் தந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு போவது அதுதான். படகில் ஏறும்போது, கடற்படை சுடக்கூடிய பக்கத்துக்கு மறைவாக ஆரணியை மடியின் எந்தப் பக்கத்தில் வைத்திருப்பது என்பதில் தொடங்கி, இனி எனக்கு அது தேவைப்படும்.